முயலுக்கு என்ன ஆயிற்று?

கீரிக்கும் பாம்புக்கும் ஜென்மப் பகை. சண்டையில் பாம்பு ஒரு கடி கடித்துவிட்டால், கீரி சட்டென்று பின்வாங்கிப் புதருக்குள் ஓடுமாம். அங்கே ஒரு செடியின் வேரைக் கடித்துத் தின்றுவிட்டுப் புதுத் தெம்போடு திரும்பி வந்து பாம்பைத் தீர்த்துக் கட்டிவிடுமாம். பாட்டியிடம் இந்தக் கதையைக் கேட்காத குழந்தை நம் நாட்டில் உண்டா? அந்த வேர் எது என்று விசாரித்தால் ஊருக்கு ஒரு செடியைக் காட்டுவார்கள். அப்படிக் காட்டப்படுகிற செடிகளில் ஒன்று சர்ப்பகந்தி. வடக்கே சர்ப்பகந்தா, நம் பக்கத்தில் சிவன் அமல்பொடி என்றும் ஒரு பெயர் உண்டு.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீரிக்கு அந்த வேர் தேவையே இல்லை. நாகத்தின் விஷம் தசையில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் கீரியின் உடம்பில் சற்று வேறு விதமாக அமைந்திருக்கிறது; விஷத்துக்கு அங்கே பிடிப்புக் கிடைப்பதில்லை. அதை விட வேடிக்கை என்னவென்றால், கீரி நிஜமாகவே சர்ப்பகந்தி வேரை வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சண்டைக்கு வந்தால், சிறிது நேரத்தில் கண் சொருகிப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். பாம்புக்குக் கொண்டாட்டம்தான்!

இதை ஊகமாகச் சொல்லவில்லை. முயல், நாய், குரங்கு என்று ஒவ்வொரு பிராணிக்கும் இந்த வேரின் சத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சாதுவாகிவிட்டன. "ஆஹா, அமைதி!" என்று உலகம் சந்தோஷப்பட்டது. அந்த அமைதி எப்படிப்பட்ட அமைதி என்பது தெரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின.

பைத்தியத்துக்கு மருந்து

சர்ப்பகந்தி பெரிய மரம் ஒன்றும் இல்லை. முழங்கால் உயரம், மிஞ்சிப் போனால் இடுப்பளவு வளரும் செடி. அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூஜைக்குப் பறிக்கிறோமே நந்தியாவட்டை, அதுவும் நித்தியகல்யாணியும் இதற்கு நெருங்கிய உறவு. சிவந்த காம்பில் வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். காய் பழுத்தால் கறுப்பாக மின்னும். வேர்தான் மருந்து, அப்படி ஒரு கசப்பு!

மேல்நாட்டுத் தாவர நூல்களில் இதன் பெயர் ரவுல்ஃபியா. ரவுல்ஃப் என்பவர் பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் இருந்த ஒரு வைத்தியர். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் காலமாகி நூறு வருஷத்துக்குப் பின், 1703-ல், பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவர் ஞாபகமாக இந்தச் செடி இனத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். நம் வேருக்கு முன்பின் தெரியாத ஒருவர் பெயர்!

பீகார்ப் பக்கத்தில் இந்த வேருக்கு நேரடியான பெயர்: 'பாகல் கீ தவா'. பைத்தியத்துக்கு மருந்து என்று பொருள். வெறி பிடித்துக் கூச்சல் போடுகிறவர்களுக்கு வைத்தியர்கள் இதைக் கொடுத்தார்கள். அழுகிற குழந்தையைத் தூங்க வைக்கத் தாய்மார்களும் இதைக் கொஞ்சம் கொடுப்பது உண்டாம். அந்தக் குழந்தைகளை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

1931-ஆம் வருஷம் கல்கத்தாவில் கவிராஜர் கணநாத ஸென், டாக்டர் கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் ஒரு வைத்தியப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். இந்த வேர்ப்பொடி உன்மத்தம் பிடித்தவர்களை அடக்குகிறது, இரத்தக் கொதிப்பையும் இறக்குகிறது என்பது அதன் சாரம். ஆயுர்வேத பண்டிதரும் இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டரும் சேர்ந்து எழுதியது. அதே வருஷம் டில்லியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திகீ என்ற ரசாயன நிபுணர், இந்த வேரிலிருந்து ஐந்து விதமான சத்துக்களைப் படிகமாகப் பிரித்தெடுத்து அறிவித்தார். தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் ஞாபகமாக அவற்றில் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் வைத்தார்.

இங்கேதான் ஒரு விசித்திரம் நேர்ந்தது. பளபளவென்று படிகமாகப் பிரிந்து வந்த சத்துக்களில் தூக்கம் தரும் குணத்தைக் காணோம்! நாற்பதுகளில் கல்கத்தா ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் தேடியபோது, பிசின் போல ஒட்டிக்கொண்டு கிடந்த கசண்டில் அந்தக் குணம் இருந்தது. நெய் காய்ச்சி வடிகட்டிய பின் அடியில் நிற்குமே, அது போன்ற கசண்டு. அதை மேலும் சுத்தம் செய்து உள்ளே இருப்பதை எடுக்கும் வேலை நம் நாட்டில் முடியவில்லை.

பேஸல் நகரத்து முயல்

1949-ல் பம்பாய் இருதய நிபுணர் ருஸ்தம் ஜால் வகீல், இந்த வேரை இரத்தக் கொதிப்புள்ள ஐம்பது பேருக்குக் கொடுத்துக் கண்ட பலனை பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அதன் பிறகுதான் மேல்நாடுகளுக்கு முழுக் கவனம் வந்தது. ஸ்விட்ஸர்லாந்தில், பேஸல் நகரத்து ஸிபா மருந்துக் கம்பெனியில், முல்லர், ஷ்லிட்லர் என்ற இரண்டு ரசாயன நிபுணர்கள் அந்தக் கசண்டைப் பிடித்துக்கொண்டார்கள். பிரித்துப் பிரித்து அவர்கள் அனுப்பியதை எல்லாம் ஹூகோ பைன் என்பவர் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1952-ல் சுத்தமான சத்து கையில் கிடைத்தது. அதற்கு ரிஸர்பின் என்று பெயர்.

முயலுக்கு அதை ஊசியில் ஏற்றினால் உடனே ஒன்றும் தெரியாது. நேரம் போகப் போக முயல் ஒடுங்கி உட்காரும். இமை சரியும். கண்மணி சுருங்கும். காது தொங்கும். சரி, மயக்க மருந்து மாதிரிதானே என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டு உலுக்கினால் முயல் விழித்துக்கொள்ளும், நிற்கும், விட்டால் மறுபடி பழையபடி ஒடுங்கும். அதுவரை வழக்கத்தில் இருந்த தூக்க மருந்துகள் இப்படி இல்லை. அவற்றை அதிகம் கொடுத்தால் பிராணி நினைவிழந்து விழும். இன்னும் அதிகம் கொடுத்தால் மூச்சே நின்றுவிடும். ரிஸர்பினோ நினைவைத் தொடாமல் ஆட்டத்தை மட்டும் அடக்கியது. ஒரு தடவை கொடுத்தால் பலன் நாள் கணக்கில் நீடித்தது.

அமெரிக்காவில் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். ரீஸஸ் குரங்கு நம் ஊர் வட இந்தியக் குரங்குதான். அந்த நாட்களில் ஆராய்ச்சிக்காக ஆயிரக்கணக்கில் இங்கிருந்து ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. 1978-ல் அரசாங்கம் அதைத் தடை செய்துவிட்டது. ஆக, வேரும் இங்கிருந்து, குரங்கும் இங்கிருந்து! கூண்டுக்குள் கையை விட்டால் விரலைக் கடித்துத் துப்பும் குரங்கு, ரிஸர்பின் உள்ளே போனபின் தோல் கையுறை இல்லாமலே தூக்க இடம் கொடுத்தது. இதைக் குறிக்கப் பழைய 'தூக்க மருந்து' என்ற சொல் போதவில்லை. மனத்தைச் சாந்தப்படுத்துவது என்ற பொருளில் 'டிராங்குவிலைஸர்' என்ற சொல் 1953-ல் ஸிபா கம்பெனிக்காரர் ஒருவர் மூலம் புழக்கத்துக்கு வந்தது. இன்று அந்தச் சொல் நம் தெருக்கோடி மருந்துக் கடை வரை வந்துவிட்டது.

முயலும் குரங்கும் சாதுவான பிறகு மனிதர்களைக் கேட்பானேன்? பாஸ்டன் நகரத்தில் டாக்டர் வில்கின்ஸ் தம் இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார். கொதிப்பு இறங்கியது, அதோடு, கவலையே போய்விட்டது என்று அவர்கள் சொன்னார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் ராக்லண்ட் மன நோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் நேதன் க்ளைன் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். மருந்து பலிக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் டாக்டர் அல்ல, ஜன்னலுக்குக் கண்ணாடி போடும் தொழிலாளி என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த வார்டில் உடையும் கண்ணாடிகளின் எண்ணிக்கை திடீரென்று குறைந்துவிட்டதாம்! 1957-ல் க்ளைன், நம் பம்பாய் வகீல் இருவருக்குமே அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

வீட்டில் மன நோயாளி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்ட பெண்களுக்குத்தான் இந்தச் செய்தியின் கனம் தெரியும். அதற்கு முந்திய நாட்களில் மருந்து என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? சங்கிலி, பூட்டிய அறை, கோயில் வாசல். மேல்நாட்டில் மின்சார அதிர்ச்சியும் மூளையில் கத்தி வைப்பதும். அந்த நிலையில் ஒரு வேரின் சத்து மகனை உட்கார வைத்துச் சோறு தின்ன வைக்கிறது என்றால், தாய் வேறு என்ன கேள்வி கேட்பாள்?

காலி அஞ்சறைப் பெட்டி

கேள்வி கேட்க வேண்டியவர்கள் விஞ்ஞானிகள். கேட்டார்கள். மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் பலன் மட்டும் எப்படி நீடிக்கிறது? அமெரிக்காவில் பெதஸ்டா என்ற இடத்தில் பெர்னார்ட் ப்ரோடி என்பவரின் ஆராய்ச்சிசாலையில் 1955-ல் முயல்களின் மூளையைச் சோதித்தார்கள். ஸெரடோனின் என்ற ஒரு பொருள் அங்கே இயற்கையாக உண்டு. நரம்புக்கு நரம்பு செய்தி சொல்கிற தூது அது. ரிஸர்பின் கொடுத்த முயலின் மூளையில் அது ஏறக்குறையத் தீர்ந்து போயிருந்தது!

அந்த ஆராய்ச்சிசாலையில் சில மாதங்கள் வேலை கற்றுக்கொள்ள ஸ்வீடனிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்திருந்தார். பெயர் அர்விட் கார்ல்ஸன். "ஸெரடோனின் மட்டும்தானா? மூளையில் இருக்கும் மற்றத் தூதுகளும் தீர்கின்றனவா என்று பார்க்கலாமே!" என்பது அவர் எண்ணம். ப்ரோடிக்கு அதில் அக்கறை இல்லை. கார்ல்ஸன் ஊர் திரும்பி, லுண்ட் நகரத்தில் ஹில்லார்ப் என்ற நண்பரோடு சேர்ந்து தாமே பார்த்தார். மற்றவையும் தீர்ந்துதான் போயிருந்தன.

இதை நம் சமையலறையிலேயே புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு நரம்பின் நுனியிலும் ஒரு சின்ன அஞ்சறைப் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு தயாரிக்கிற சரக்கை அதில் போட்டு மூடி வைக்கும். வேண்டும்போது எடுத்துச் செய்தி அனுப்பும். சரக்கைப் பெட்டிக்குள் தள்ளும் கதவை ரிஸர்பின் அடைத்துவிடுகிறது. வெளியே கிடப்பதை, சர்க்கரையை எறும்பு தின்கிற மாதிரி, நரம்புக்குள் இருக்கும் வேறொரு பொருள் அழித்துவிடுகிறது. கடைசியில் கடுகும் இல்லை, மிளகும் இல்லை, சீரகமும் இல்லை. அடைத்த கதவு மறுபடி திறப்பதும் இல்லை. நரம்பு புதுப் பெட்டி செய்துகொண்டால்தான் உண்டு. அதற்கு நாள் பிடிக்கிறது. மருந்து போன பின்னும் பலன் நிற்பதன் ரகசியம் இதுதான்.

1957-ல் கார்ல்ஸன் செய்த பரிசோதனை மிகச் சுலபமானது. ரிஸர்பின் கொடுத்து, காது தொங்கி, அசையாமல் கிடந்த முயல்களை எடுத்துக்கொண்டார். மற்றத் தூதுகளைத் தயாரிக்க உதவும் மூலச் சரக்கான டோபா என்பதை அவற்றின் இரத்தத்தில் செலுத்தினார். சுமார் கால் மணி நேரம். தொங்கிய காதுகள் நிமிர்ந்தன. முயல்கள் கண் திறந்து நடமாடின! ஸெரடோனினுக்கான மூலச் சரக்கைக் கொடுத்துப் பார்த்தபோது இந்த எழுச்சி வரவில்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த முயல்களின் போட்டோக்கள் வைத்திய சரித்திரத்தில் பிரசித்தம். எழுந்த முயல்களின் மூளையில் நிரம்பியிருந்தது டோபமின் என்ற பொருள். அதற்குத் தனியாக ஒரு வேலை உண்டு என்றே அதுவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கார்ல்ஸனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தபோது வயது எழுபத்தேழு.

இப்போது பேஸல் முயலைத் திரும்பிப் பாருங்கள். அமைதி என்று பெயர் கொடுக்கப்பட்டதே, அந்த முயல் உண்மையில் அசைய முடியாமல் இருந்தது! காதைத் தூக்கக் கூட அதனிடம் சரக்கு இல்லை. அது நிம்மதியாக இருந்ததா, தவித்ததா? முயல் வாய் திறந்து சொல்லப் போவதில்லை. வெளியே இருந்து பார்க்கிறவர்கள், தங்களுக்கு எது வேண்டுமோ அதைப் பார்த்தார்கள். கூச்சலும் ரகளையும் நிறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து தேடியவர்கள் 'சாந்தம்' என்று எழுதினார்கள். ரிஸர்பினை அதிகமாகச் சாப்பிட்ட மனிதர்கள் சிலருக்குக் கை கால் விறைத்து நடுங்கியது. அதைக் கவனித்தவர்கள் 'இது நடுக்குவாதம் அல்லவா!' என்றார்கள். அறுபதுகளில் மனச் சோர்வுக்கு மருந்து தேடிய கம்பெனிகளோ, ரிஸர்பின் கொடுத்து இமை சரிந்த எலிகளை 'சோர்வு நோயாளி'களாகவே வைத்துக்கொண்டு, எந்த மருந்து அவற்றின் இமையைத் தூக்குகிறது என்று பார்த்தன. பிராணியின் கோலம் ஒன்றுதான். பத்து வருஷத்துக்குள் அதற்கு மூன்று பெயர்!

சேப்பாக்கத்தில் ஒரு விதை

நடுக்குவாதம் என்று சொன்னவர்கள் குறி தப்பவில்லை. வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்பவர், அந்த நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வற்றிப் போயிருந்ததை 1960-ல் கண்டார். அடுத்த வருஷமே அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்த நோயாளிகளுக்கு டோபாவை ஊசி மூலம் கொடுத்தார்கள். எழுந்து உட்கார முடியாதவர்கள் உட்கார்ந்தார்கள், சிலர் நடந்தார்கள். சில மணி நேரத்துக்குத்தான், ஆனால் நடந்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்பவர் வாய்வழியாகக் கொடுக்கும் முறையைச் சீராக்கினார். இன்றும் நடுக்குவாதத்துக்கு முக்கிய மருந்து அதுதான்.

இந்த டோபாவுக்கு நம் சென்னையோடு ஒரு சம்பந்தம் உண்டு. பூனைக்காலி தெரியுமா? வேலியில் படரும் கொடி. அதன் காயின் சுணை மேலே பட்டால் அரிப்பில் ஆளைத் துள்ள வைத்துவிடும். அதன் விதையிலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்து, 1937-ல் உலகத்துக்கு அறிவித்தவர்கள் சென்னை சர்வகலாசாலையின் ரசாயன ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர். லுண்ட் நகரத்து முயல் எழுந்திருக்க அப்போது இருபது வருஷம் பாக்கி. தங்கள் விதைச் சத்து என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. அந்தச் சரக்கை வெறுமையாக்குகிற வேரும் நம் மண்ணில். நிரப்புகிற விதையும் நம் மண்ணில். நம் வீட்டு வேலியிலே கூட இருக்கலாம்.

மனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். ரிஸர்பின் சாப்பிட்ட இரத்தக் கொதிப்புக்காரர்களில் சிலர் எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டே இருக்கிறார்கள், உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயல்கிறார்கள் என்று ஐம்பதுகளிலேயே டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 'வேர் மனத்தை ஒடித்துவிடுகிறது' என்ற அபிப்பிராயம் பாடப் புத்தகம் வரை போய்விட்டது. ஆனால் 1955-ல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இருவர், கவலையாலும் சோர்வாலும் அவதிப்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரிஸர்பினும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரிஸர்பின் சாப்பிட்டவர்களுக்குக் குணம் அதிகம் தெரிந்தது! இந்தப் பரிசோதனையை வெகு காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பழைய காகிதங்களை எல்லாம் புரட்டிப் பார்ப்பவர்கள், ரிஸர்பின் மனச் சோர்வை உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம் இல்லை என்கிறார்கள். அசையாத எலியைப் பார்த்து மனிதனின் துக்கத்தை எடை போட்டதில் வந்த வினை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எலிக்கு இமை சரியும். துக்கம் உண்டா என்று யார் கண்டது?

அதற்குள் பிரான்ஸிலிருந்து வந்த குளோர்ப்ரோமஸின் மன நோய் ஆஸ்பத்திரிகளில் ரிஸர்பினை ஓரங்கட்டிவிட்டது. இரத்தக் கொதிப்புக்கும் பின்னாளில் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ரிஸர்பினை எழுதிக் கொடுக்கும் டாக்டர் இன்று அபூர்வம். பிராணிகளை மட்டும் அது விடவில்லை. நிலைகொள்ளாமல் துள்ளுகிற குதிரைக்கு அதைக் கொடுத்து அடக்குகிறவர்கள் உண்டு. பலன் நாள் கணக்கில் நிற்பதால் போட்டியன்று குதிரை பரம சாதுவாக வந்து நிற்கும். சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் அது தடை செய்யப்பட்ட மருந்து.

நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்திப் பொடி கேட்டு வாங்கி, தூக்கம் வராத மாமியாருக்கோ அடம் பிடிக்கும் பிள்ளைக்கோ தேனில் குழைத்துக் கொடுத்துவிடலாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு வேருக்கும் இன்னொரு வேருக்கும் சத்தின் அளவு மாறும். ஏற்கெனவே இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அழுத்தம் ஒரேயடியாக இறங்கித் தலை சுற்றி விழ நேரலாம். பாட்டி கொடுத்தாள் என்றால், அந்தக் காலத்துக் குழந்தைகள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று பாட்டி கணக்கு வைத்திருக்கவில்லை.

செடியின் கதி என்ன என்று கேட்கிறீர்களா? மருந்து வேரில் இருப்பதால் செடியையே பிடுங்கினால்தான் உண்டு. உலகமே இந்த வேரைக் கேட்ட காலத்தில் காடுகளில் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். மருந்துக் கம்பெனிகள் பிறகு ஆப்பிரிக்காவில் வளரும் இதே இனத்து வேறொரு செடியின் பக்கம் திரும்பின. அதிலும் ரிஸர்பின் உண்டு. சர்ப்பகந்தி 1990-லிருந்து சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அதன் வேரை இன்று இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.